ஆந்தை நீதிபதியின் பதின்மூன்றாவது சுருள்

காலை மணி 9.10.

பெட்டி இருந்தது. பெட்டிக்குள் சுருளும் இருந்தது. அதில் இருக்கவேண்டிய குரலைத்தான் காணோம்.

அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்தவள் வசனக்காதான். மூடியில் ‘13’ என்று, ஒலிப்பதிவு செய்த ஒலிக்காரரின் கையெழுத்து. உள்ளே ஒலிநாடாச் சுருள், மற்ற பன்னிரண்டைப் போலவே முடிவில் ஒட்டிய சிவப்பு வால் வெளியே தெரிய, பக்கவாட்டில் தட்டு மாதிரி மழமழவென்று உட்கார்ந்திருந்தது. ஒலிக்காரர் அதை வாங்கி இயந்திரத்தில் மாட்டினார். பின்னோக்கிச் சுற்றி, முதலிலிருந்து ஓட்டினார். ‘உஸ்ஸ்’ என்று வெறும் காற்று. நடுவில் தள்ளி ஓட்டினார். அங்கேயும் காற்றுதான்.

“என்ன அண்ணே, ஆந்தை தூங்குதா?” என்றாள் வசனக்கா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “வெத்து நாடா அக்கா. யாரோ மாத்தி வச்சிட்டாங்க.”

அவர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் யார் பெரியவர் என்று கேட்ட யாருக்கும் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதில் கிடைத்ததில்லை.

ஆந்தை யார் என்று சொல்லிவிட வேண்டும். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ‘மறுகரை மன்றம்’ என்று ஜப்பான் அனிமே தொடர் ஒன்று தமிழ் பேசி வந்தது. அனிமே என்ற சொல்லெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும், பொம்மைப் படம் என்றுதான் பேர். வாரம் ஒரு கதை, கதைக்கு ஒரு ஆத்மா. செத்துப்போன ஆள் படகிலிருந்து இறங்கி ஒரு நாற்காலியில் வந்து உட்காருவார். எதிரே ஆந்தை முகத்தோடு ஒரு நீதிபதி, பக்கத்தில் குறிப்பெழுத ஒரு சின்னப் பெண். நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். பூட்டுக்காரனிடம், “நீ தெரிந்தே பூட்டாமல் விட்ட கதவு எது?” நீச்சல் சொல்லிக்கொடுத்தவளிடம், “உன்னால் கரையேற்ற முடியாதவர் பெயர் நினைவிருக்கிறதா?” அவ்வளவுதான். பதில் சொல்லிமுடிப்பதற்குள் அந்த ஆளின் மொத்த வாழ்க்கையும் வெளியே கொட்டிவிடும்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தெருவில் ஈ காக்காய் இருக்காது. பந்து உருண்டு கிடக்கும், எடுக்க ஆள் வராது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மன்றம் வைத்து விளையாடினார்கள். எங்கள் நாய் செத்துவிட்டது, அதற்கு என்ன தீர்ப்பு என்று நீதிபதிக்குக் கடிதம் வரும். ‘என் மகன் இப்போதெல்லாம் பொய் சொல்வதில்லை, ஆந்தைக்கு நன்றி’ என்று ஒரு தாய் எழுதினார். அந்தக் கடிதத்தை வசனக்கா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். வசனம் எழுதியவள் அவள்தானே! வாயசைவுக்குப் பொருத்தி எழுதுவது பெரிய தலைவலி. ஆந்தைக்கு உதடு கிடையாது, அலகு திறந்து மூடினால் போதும். அதனாலேயே ஆந்தை மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

அந்த அலகுக்குள் இருந்த குரல்தான் ஊரைக் கட்டிப்போட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் அது. தொடருக்குப் பிறகு அவருக்கு நீதிபதி ஐயா என்றே பேராகிவிட்டது. பதின்மூன்றாவது கதையில் ஆந்தையே குற்றவாளி நாற்காலியில் உட்காரும். அதைப் பேசிமுடித்த மறுநாள் ஐயாவுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அதே மாதம் தொலைக்காட்சி நிலையத்தையும் மூடிவிட்டார்கள். பதின்மூன்று ஒளிபரப்பாகவே இல்லை. யாரைப் பார்த்தாலும் ஐயா சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்காட்டுவார்: ‘என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான வேலை பதின்மூணு.’ ஆனால் அவரும் அதைக் கேட்டதில்லை. போன குரலைக் கேட்க மனசு வரவில்லை. இப்போது ஒரு கம்பெனி மொத்தத் தொடரையும் மறுபடி வெளியிடப்போகிறது என்றதும், இன்று மூன்று மணிக்கு வந்து கேட்கிறேன் என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டிருந்தார்.

இன்று பார்த்துத்தானா தொலைய வேண்டும்!

9.40. ஒலிக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் வசனக்காவுக்கும் கேட்டது.

“பதின்மூணு கெட்டுப்போச்சுங்க. மத்த பன்னிரண்டும் பத்திரமா இருக்கு. அதை இன்னிக்கே அனுப்பிடறேன்.”

“பன்னிரண்டை வச்சு நாங்க என்ன சார் பண்றது?” என்றது மறுமுனை. “முடிவு இல்லாம எப்படி வெளியிடறது? சாயங்காலம் அஞ்சுக்குள்ள பதின்மூணும் வரலைன்னா, மொத்தத்தையும் புதுக் குரல்ல பேசிடுவோம். ஆள்கூடப் பார்த்தாச்சு. பழைய குரல் தேவையில்லை.”

“போன வாரம் இப்படிச் சொல்லலையே நீங்க!”

“இப்ப சொல்றேன் சார்.”

ஒலிக்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. போனை வைக்க இடம் தேடி, இயந்திரத்தின் மேலேயே வைத்தார். வசனக்கா அதைப் பார்த்தாள். அப்போதைக்கு அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அஞ்சு மணிக்குள் சுருள் கிடைக்காவிட்டால் ஐயாவின் குரல் இனி ஊரில் யார் காதிலும் விழாது. ஒரு மனுஷன் இரண்டாம் முறை ஊமையாவதா?

“நேத்து கடைசியா எப்ப பார்த்தீங்க?”

“நாலு மணிக்கு. முழுசா ஒரு தடவை ஓட்டிட்டு உள்ள வச்சேன்.”

“அப்புறம்?”

“அஞ்சு மணிக்கு நம்ம பேனாப் பொண்ணு வந்துச்சு. அஞ்சரைக்கு நம்ம கடைக்காரத் தம்பி. ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்பினாங்க. ஏழரைக்கு நான் பூட்டினேன்.”

“சாவி?”

“என் இடுப்புல.”

பூட்டு உடையவில்லை. ஜன்னல் இல்லை. மூக்குக்கண்ணாடி தொலைந்தாலும் முழு ஆள் தொலைந்தாலும் அந்தக் கூடத்தில் வசனக்காவைத்தான் கூப்பிடுவார்கள். இன்று யாரும் கூப்பிடாமலே அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

10.20. பேனா வந்தாள். தொடரில் குறிப்பெழுதும் சின்னப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள். படத்தில் அந்தப் பெண்ணின் பெயர் பேனா. அது இவளோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் பதினேழு, இன்றைக்குப் பெரிய குரல் கலைஞர்.

“நேத்து நாடா அறைக்குள்ள தனியா இருந்தியா?”

“பத்து நிமிஷம். சுவத்துல இருக்கற பழைய போட்டோவைப் பார்த்துட்டு இருந்தேன். எல்லாரும் எவ்வளவு ஒல்லியா இருக்கோம்கா!”

“புதுக் குரல்ல பேச ஆள் பார்த்தாச்சாமே. யாரு?”

பேனாவுக்குக் கண் தளும்பிவிட்டது. “முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. எல்லாரையும் பேச வைக்கற பொறுப்பு. நான் முடியாதுன்னுட்டேன்கா. ஐயா இடத்துல இன்னொருத்தரை உக்கார வைக்கச் சொன்னா என் வாய் வெந்துபோகாது? என்னைப் போய்ச் சந்தேகப்படறியே!”

“சந்தேகம் இல்லடி, கணக்கு. மூக்கைத் துடை.”

11.00. கடைக்காரத் தம்பி ஒரு காலத்தில் வாடகைக்கு வீடியோ கேசட் விட்டவன். தம்பி என்றாலும் தலை முழுக்க நரை. கடை போய்விட்டது, பேர் போகவில்லை. மறுகரை மன்றம் என்றால் உயிரை விடுவான். அந்தக் காலத்தில் சுவரொட்டி ஒட்டியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் உரித்துக்கொண்டு ஓடிய ஆள்.

“தம்பி, நேத்து நாடா அறையில எவ்வளவு நேரம்?”

“கால் மணி நேரம்கா. பெட்டியை எல்லாம் தொட்டுக் கும்பிட்டேன். எடுக்கலை.”

“சுவரொட்டியும் எடுக்கலைன்னுதான் சொன்னே.”

“அது ஆசை. இது பாவம்.” அவன் பேச்சு மேலே இருக்க, கை சும்மா இல்லை. மேசைமேல் கிடந்த பழைய சுருள் ஒன்றை இயந்திரத்தில் மாட்டி, பொத்தானை அழுத்திச் சர்ரென்று பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தான். “மன்னிச்சுக்கங்க, பழக்கம். எங்க கடையில சுத்தாமக் கொண்டுவந்தா அடுத்த படம் கிடையாது.”

ஒலிக்காரர் பாய்ந்து வந்து நிறுத்தினார். “டேய், கையை எடு! வேகமாச் சுத்தினா நாடா எப்படி உக்காரும் பாரு.” சுருளின் பக்கவாட்டைக் காட்டினார். சீவாத தலை போல நாடா அங்கங்கே விளிம்பு தூக்கி நின்றது. “ஓட்டற வேகத்துல, அரை மணி நேரம், நிதானமாப் போகணும். முடிஞ்சதும் அப்படியே, முடிவு வெளியே இருக்க வைக்கணும். திருப்பிச் சுத்தி வச்சா ஒரு சுத்துல இருக்கற சத்தம் அடுத்ததுல ஒட்டி, பேசறதுக்கு முன்னாடியே முணுமுணுன்னு கேக்கும். இத்தனை வருஷமாச் சொல்றேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை.”

வசனக்கா அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வசனத் தாள்கள் இருந்த கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

12.15. பதின்மூன்று கதைக்கும் தாள்கள் இருந்தன. ஐயாவின் வழக்கம் அவளுக்குத் தெரியும். பேசும்முன் தாளை வாங்கி, மூச்சு விட வேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் ஒரு சாய்கோடு போடுவார். பதின்மூன்றாவது தாளை அவள் இதுவரை திருப்பிப் பார்த்ததில்லை. அதைப் பதிவு செய்த வாரம் அவள் பிரசவ அறையில் கிடந்தாள். மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது.

பதின்மூன்றிலும் சிவப்புச் சாய்கோடுகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், வேறு வேறு இடங்களில், மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். வசனக்கா நகத்தால் சுரண்டினாள். மெழுகு வந்தது. தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

1.30. மற்ற இருவரையும் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அண்ணே, சுருளைக் குடுங்க.”

“எந்தச் சுருள்?”

“நீங்க ஒளிச்சு வச்சது.”

ஒலிக்காரர் இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

“காலையில நான்தான் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு வால் வெளியே, ஓரம் மழமழன்னு. எல்லாச் சுருளும் அப்படித்தானே இருக்கும்னு விட்டுட்டேன். அங்கதான் கோட்டை விட்டேன். புது நாடா வாங்கும்போது சிவப்பு வால் ஒட்டியா வருது?”

“இல்லை. நாமதான் ஒட்டணும்.”

“வெத்து நாடாவை வச்சு ஏமாத்த வந்தவன் வந்தபடியே வச்சுட்டு ஓடியிருப்பான். இதை யாரோ முதல்லேருந்து முடிவு வரைக்கும் ஓட்டற வேகத்துல அரை மணி நேரம் ஓட்டி, வாலும் ஒட்டி வச்சிருக்காங்க. பேனா உள்ள இருந்தது பத்து நிமிஷம். தம்பி கால் மணி. அவனா இருந்தா சர்ருன்னு திருப்பிச் சுத்தி வேற வச்சிருப்பான். ஆறு மணிக்கு மேல ஒன்றரை மணி நேரம் இங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான்.”

ஒலிக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “ஒண்ணுமே இல்லாத நாடா அக்கா. அதையும் உக்காந்து முழுசா ஓட்டினேன். அலமாரியில வேற மாதிரி வைக்க இந்தக் கைக்குத் தெரியலை.”

“ஏன்னும் சொல்லிடறேன். தாள்ல மஞ்சள் மெழுகுப் பென்சில். நாடாவை வெட்டற இடத்துல குறி போட நீங்க மட்டும் வச்சிருக்கறது. மூச்சு விடற இடத்துல அது எதுக்கு? அந்த வசனத்தை உங்க மூச்சுக்கு நீங்க பேசியிருக்கீங்க. பதின்மூணுல இருக்கறது ஐயா குரல் இல்லை.”

அறுபது வயது மனிதர் குழந்தை மாதிரி தேம்பினார்.

“நாலு நாள் பேசினார் அக்கா. நாலு நாளும் காத்துதான் வந்துது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியா என்னைப் பார்த்து, நல்லா வந்துச்சான்னு கேப்பார். மறுநாள் அறுவைச் சிகிச்சை. எப்படிச் சொல்லுவேன்? பிரமாதம்னு சொன்னேன். அவர் போனப்புறம் நானே உக்காந்து மூணு நாள் பேசினேன். பன்னிரண்டு வாரம் காதுல கேட்ட குரல், எப்படியோ வந்துடுச்சு. தொலைக்காட்சி நிலையத்தை மூடினதும், அப்பாடா, யாரும் கேக்கப்போறதில்லைன்னு நினைச்சேன். அவர் ஊரெல்லாம் பதின்மூணுதான் என் உசத்தின்னு எழுதிக் காட்ட ஆரம்பிச்சார்.”

“இன்னிக்கு மூணு மணிக்குக் கேட்டா…”

“முதல் வரியிலேயே கண்டுபிடிச்சுடுவார். தொலைஞ்சுபோச்சுன்னா பெருமையாவது மிஞ்சும்னு பார்த்தேன். பன்னிரண்டு போதும்னு கம்பெனி எடுத்துக்கும்னு நினைச்சேன்.”

“ஒரு பொய்க்கு ஒன்பது பொய்னு சும்மாவா சொன்னாங்க. அவர் பெருமையைக் காப்பாத்தப்போய் அவர் குரலையே தொலைக்கப் பார்த்தீங்களே அண்ணே! பன்னிரண்டு கதையிலயும் அவர் இருக்கார். அஞ்சு மணி தாண்டினா அதுவும் யாருக்கும் கேக்காது.”

அவர் எழுந்துபோய், படத்தில் சேர்க்கும் சத்தங்களை வைத்திருந்த அலமாரியில் ‘கதவு, கிறீச்’ என்று எழுதியிருந்த பெட்டியை எடுத்துவந்தார். உள்ளே இருந்த சுருளின் சிவப்பு வால் நிறம் மங்கி இருந்தது.

“நீயே அவர்கிட்ட சொல்லு அக்கா.”

“முடியாது. பேசினது நீங்க.”

3.00. நீதிபதி ஐயா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துணி. பேனா கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். கடைக்காரத் தம்பி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ஒலிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா கையால் அடக்கிவிட்டு, ஓட்டு என்று சைகை காட்டினார்.

அலகு திறக்கும் சத்தம். பிறகு ஆந்தையின் குரல்: “இத்தனை பேரை இந்த நாற்காலியில் பார்த்தேன். இது இவ்வளவு தாழ்வானது என்று எனக்குத் தெரியாது.”

பேனாவுக்குப் புல்லரித்தது. ஐயாவின் கை உயர்ந்தது. இயந்திரம் நின்றது. அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். ‘இது நான் இல்லை.’

ஒலிக்காரர் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை, தனக்காக ஒரு வார்த்தை கூட்டவுமில்லை. சொல்லி முடித்ததும் ஐயா எழுத ஆரம்பித்தார். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது. பேனா தன்னுடையதைக் கொடுத்தாள்.

‘இருபத்தொரு வருஷம். எத்தனை பேர்கிட்ட காட்டியிருக்கேன். என்னைக் கோமாளி ஆக்கிட்டே.’

“ஆமாங்க ஐயா.”

‘அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுது முடிச்சிருப்பேன்.’

“ஆமாங்க ஐயா.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கடைக்காரத் தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். கடைசியில் ஐயா திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினார். ஓட்டு.

இருபத்திரண்டு நிமிஷம் ஓடியது. முடிந்ததும் நிதானமாக எழுதினார்.

‘மூணாவது வரியில மூச்சு தப்பு. நடுவுல அழுதிருக்கே. நீதிபதி அழமாட்டான், கேக்கறவனை அழ வைப்பான். கடைசிப் பேச்சு பரவாயில்லை. அனுப்பு. பதின்மூணுக்கு உன் பேரைப் போடு. தப்பாப் பேசினது நீ, பழி எனக்கு எதுக்கு?’

வசனக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒலிக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் பேர் எந்தத் திரையிலும் வந்ததில்லை.

ஐயா இன்னொரு தாளைத் திருப்பினார். ‘அப்போ என்னோட கடைசி வேலை எது?’

“பன்னிரண்டுங்க ஐயா.”

‘போடு.’

4.05. பன்னிரண்டாவது சுருள் ஓடியது. ரயில் நிலையத்து மேடையெல்லாம் நிரப்பிய அதே குரல், விளிம்பில் கொஞ்சம் கரகரத்து, கூடத்தை நிரப்பியது. இருபத்தொரு வருஷம் கழித்து ஐயா தன்னைத் தானே கேட்டார். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கன்னம் நனைந்ததைத் துடைக்கவுமில்லை. முடிந்ததும் ஒலிக்காரரை நிமிர்ந்து பார்த்து எழுதினார்.

‘இதுல எங்கேயாவது கை வச்சியா?’

“இல்லைங்க ஐயா. ஒரு எழுத்துகூட இல்லை.”

‘உண்மையா?’

ஒலிக்காரர் வசனக்காவைப் பார்த்தார். அவள் பன்னிரண்டாவது வசனத் தாளை எடுத்து ஐயாவின் மடியில் வைத்தாள். தாள் முழுக்கச் சிவப்புச் சாய்கோடுகள், வேறு நிறமே இல்லை. ஐயா விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தார். கம்பெனிக்கு அனுப்பப் பேனா மற்ற பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். அவளைக் கை காட்டி நிறுத்திவிட்டு, அவர் எழுதினார்.

‘நேரம் இருக்கு. இன்னொரு தடவை போடு.’